அறைக்குள் பேசிய பேச்சு

வெகுகாலத்துக்கு முன்னால் கொடுந்துறை நாட்டைச் சேந்தன்மாறன் என்றொரு ராஜா ஆண்டார். நல்லவர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் என்ன சொல்வார் என்று அவருக்கே தெரியாது.

ஒருநாள் ஓடக்காரர் மாசாணம் சபைக்கு வந்தார். தோள்வலிக்கு அரண்மனை வைத்தியர் அருணந்தி தந்த தைலத்தால் வலது கை மரத்துப்போய்விட்டது, துடுப்பைப் பிடிக்க முடியவில்லை என்றார்.

"பத்தியத்தை மீறியிருப்பார்" என்றார் வைத்தியர்.

ராஜா மந்திரி இளவேட்டனைப் பார்த்தார். "நீர் நடுவராக இருந்து தீர்த்துவையும். வைத்தியர்மேல் தப்பென்றால் அவர் விரலை எடுப்பேன். ஓடக்காரர் பொய் சொன்னால் நாக்கை."

மந்திரி எழுந்தார். "எனக்கு வைத்தியம் தெரியாது, மகாராஜா. பதினைந்து நாள் கொடுங்கள்."

அத்தனை நாளும் அவர் மருத்துவச்சாலையில் மருந்து அரைத்தார். நோயாளிகளின் கால்மாட்டில் உட்கார்ந்து பேச்சுக் கேட்டார். மந்திரி பதவிமேல் கண்வைத்திருந்த பிரதானி வல்லபராயர், "மந்திரியார் இப்போது கஷாயம் காய்ச்சுகிறார்" என்று சபையில் சிரித்தார்.

விசாரணை நாளில் மந்திரி ராஜாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இருவரையும் மூடிய அறையில் விசாரிக்கிறேன். அங்கே பேசுவது வெளியே வரக்கூடாது." ராஜா தலையசைத்தார்.

விரலுக்கும் நாக்குக்கும் பயந்து இருவரும் முதலில் வாயே திறக்கவில்லை. மந்திரி தனித்தனியே பேசினார். பிறகு எதிரெதிரே உட்காரவைத்தார். பொழுது சாயும்போது மூவரும் வெளியே வந்தார்கள். வைத்தியரின் கண் சிவந்திருந்தது.

"கை தேறும்வரை வைத்தியர் தினமும் துறைக்கே போய்ச் சிகிச்சை செய்வார். மாசாணம் வீட்டுச் சாப்பாடு அவர் பொறுப்பு. இனி மருத்துவச்சாலையில் எந்தத் தைலத்தையும் இன்னொரு வைத்தியர் பார்க்காமல் கொடுக்கமாட்டார்கள். இருவருக்கும் சம்மதம்" என்றார் மந்திரி.

வல்லபராயர் எழுந்தார். "தப்பு யார்மேல் என்று சொல்லவில்லையே. மந்திரியார் யாரையோ காப்பாற்றுகிறார்."

ராஜா முகம் மாறி மந்திரியிடம் திரும்பினார். "சொல்லும். இல்லாவிட்டால் உம்முடைய நாக்கு போகும்."

மந்திரி கைகூப்பினார். "சொல்லிவிடுகிறேன், மகாராஜா. ஆனால் மூடிய அறைப் பேச்சைச் சபையில் சொல்லலாம் என்றால் எல்லாருக்கும் அதே சட்டம்தானே? தாங்கள் வைத்தியரிடம் தனியாகச் சொன்னதைப் பிரதானியார் கேட்டால் வைத்தியர் சபையில் சொல்லவேண்டியிருக்கும்."

ராஜாவின் கை தானாகப் போய்க் கிரீடத்தை அழுத்திப் பிடித்தது.

"உட்காரும், பிரதானி" என்றார் ராஜா. "ஒப்பந்தம் அப்படியே நிற்கட்டும். விரலும் வேண்டாம், நாக்கும் வேண்டாம். நாளைமுதல் பதினைந்து நாள் நீர் போய் மருந்து அரையும்."

சபை கலைந்ததும் ராஜா தன் முத்துமாலையை மந்திரியின் கழுத்தில் போட்டு, தணிந்த குரலில் கேட்டார்: "அருணந்தி உம்மிடம் அதைச் சொல்லிவிட்டாரா?"

"எதை, மகாராஜா?" என்றார் மந்திரி. "எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் வைத்தியரிடம் ரகசியம் சொல்லாத ஒருவரைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை."