எருமையைக் கொண்டுபோன வரி

அந்த மடத்தில் எல்லாக் காரியமும் ஒரே கறுப்புத்திரை எடிட்டரில் நடக்கும். பழைய பாட்டுக்கு உரை எழுதுவதும் அதில்தான், மின்னஞ்சல் அனுப்புவதும் அதில்தான். மவுஸைத் தொடுகிறவர்களைச் சற்று இளப்பமாகப் பார்ப்பார்கள். துறவிகளுக்கும் ஏதாவதொரு செருக்கு வேண்டுமே.

சீடர் மாசிலாமணி ஓய்வுபெற்ற பேராசிரியர். குரு கோமதியம்மை அவரைவிட வயதில் இளையவர். ஒருநாள் காலை மாசிலாமணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் முன் வந்து நின்றார்.

"என்ன ஆயிற்று?"

"வெளியூரில் இருக்கிறாளே நம் செங்கமலம், தன் உரையை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தாள். பாராட்டி ஒரு கோப்பில் எழுதி மின்னஞ்சலில் இணைத்தேன், அம்மா. அதற்கப்புறம் கை சும்மா இருக்கவில்லை. அதே கோப்பின் அடியில், 'பாட்டு மழையாய்ப் பொழிகிறது, உரை எருமையாய் நிற்கிறது' என்று எழுதினேன். பழக்க தோஷத்தில் சேமித்துவிட்டேன். பிறகு அஞ்சலை அனுப்பினேன்."

"எருமையும் போய்விட்டது."

"இணைத்த பிறகு எழுதியதுதானே, போகாது என்று நினைத்தேன்."

"நம் எடிட்டரில் இணைப்பு என்பது, அஞ்சலுக்குள் கோப்பின் பெயர் சொல்லும் ஒரு வரி. கோப்பை அது போய் எடுப்பது அனுப்பும்போதுதான். முதல் பாடத்திலேயே சொன்னேனே?"

"சொன்னீர்கள். குறிப்புகூட எடுத்தேன்."

"செங்கமலம் என்ன சொல்கிறாள்?"

"'எருமை வணங்குகிறது. உரையை நிறுத்திவிட்டேன்.' அவ்வளவுதான்."



"அந்த வரி யாரைச் சிரிக்க வைக்க?"

"என்னைத்தான்."

"சிரித்தீரா?"

"சிரித்தேன், அம்மா."

"மன்னிப்பை ஒரு கோப்பில் எழுதி இணைத்து வையும். சாப்பிட்டுவிட்டு அனுப்பலாம்."

எழுதினார். மன்னிப்பு ஒரு வரி, எடிட்டரின் குறைபாடு இரண்டு பத்தி. இணைத்தார்.

சாப்பிடப் பந்தியில் உட்கார்ந்தார். பாதியில் எழுந்து வந்து கோப்பைத் திறந்தார். எடிட்டர் மேல் போட்ட பழி அவரைப் பார்த்துப் பல்லிளித்தது. அழித்தார். 'விளையாட்டாக எழுதியது' என்ற சொற்களும் நிற்கவில்லை. கடைசியில் திரை வெறுமையானது. குருவிடமே சொல்லாத ஒன்று மிச்சமிருந்தது. வெகுநேரம் கழித்து அதை எழுதினார்.

கோமதியம்மை கைகழுவிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

'செங்கமலம், முதல் பாட்டைத் தாண்டி உன் உரையை நான் படிக்கவே இல்லை. பாராட்டியதும் படிக்காமல்தான், ஏளனம் செய்ததும் படிக்காமல்தான். இன்று படிக்கத் தொடங்குகிறேன். நீ நிறுத்தாதே.'

மாசிலாமணி திரும்பிப் பார்க்கவில்லை.

"இணைத்த பிறகு முழுவதையும் மாற்றிவிட்டேன். மறுபடி இணைக்க வேண்டுமா, அம்மா?"

"வேண்டாம். எருமையைக் கொண்டுபோனதும் இப்படியொரு இணைப்பு வரிதான். இதையும் கொண்டுபோகும்."