வலது சக்கரத்து மாசானம்

எங்க ஊர்த் தேரை இழுக்க ஊரே வரும். வெளியூர்ல இருந்தும் பஸ் ஏறி வருவாங்க. வடத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, ரெண்டு இழுப்பு இழுத்துட்டு, தேரை நாந்தான் இழுத்தேன்னு வருஷம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிவாங்க. சொல்லிக்கிடட்டும், யார் வேண்டாம்னா? ஆனா தேருக்குப் பிரேக் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. அதைத் திருப்புறதும் நிறுத்துறதும் சக்கரத்துக்கு அடியில நாங்க போடுற மரக்கட்டைதான். எங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

எங்க கூட்டத்துக்கு ஒரு ஆசான் உண்டு. இப்போ இருக்கிறவர் நம்பிராசன். தேருக்கு முன்னால பிரம்போட நடந்து, எந்தச் சக்கரத்துக்கு எந்தக் கட்டைன்னு சத்தம் கொடுக்கிறது அவர் வேலை. இடது முன் சக்கரம் எனக்கு. வலது முன் சக்கரம் மாசானம் அண்ணாச்சிக்கு. நாலு மூலையிலும் தேர் வலப்பக்கம்தான் திரும்பும். அதனால திருப்புறது அந்தச் சக்கரத்துக் கட்டைதான். என் சக்கரத்துக்கு அவ்வளவு பெருமை இல்லை, அதை நானே ஒத்துக்கிடுவேன்.

மாசானம் ஆசானைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். முந்தி ஆசானா இருந்த பெரியாசான் சாகக் கிடந்தப்போ, பிரம்பை இளையவர் நம்பிராசன் கையில கொடுத்துட்டுப் போனார். அன்னைக்கு நாங்க எல்லாரும் மாசானம் முகத்தைத்தான் பார்த்தோம். அவர் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, அடுத்து என்ன செய்யணும் ஆசான்னு நம்பிராசனைப் பார்த்துக் கேட்டார். அன்னையில இருந்து ஒரு நாள்கூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நம்பிராசனும் அவரை அண்ணாச்சின்னுதான் சொல்வார். அப்பேர்ப்பட்ட ஆட்கள்கூட நான் வேலை பார்க்கிறேன்.

எங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு இருக்கு. ஆசான் சத்தம் கொடுத்ததும், குனிஞ்சிருக்கிறவன் "சரி ஆசான்"னு சொல்லிட்டுத்தான் சக்கரத்துக்கு அடியில கையை விடணும். சொல்லாம விட்டா அடுத்த வருஷம் அவனுக்குச் சக்கரம் கிடையாது.

இப்படி இருக்கையில மாசானத்துக்கு முதுகு போச்சு.

தச்சுப்பட்டறையில உளி எடுக்கக் குனிஞ்சவர் நிமிர முடியாம அப்படியே நின்னுட்டார். இடுப்புல பிடிச்ச வலி தொடை வழியா இறங்கி, வலது கால் பெருவிரல் வரைக்கும் சுண்டி இழுத்தது. எண்ணெய் போட்டுத் தடவினார், ஒத்தடம் கொடுத்தார், எங்ககிட்ட மூச்சு விடலை. கடைசியில அவர் வீட்டுக்கார அம்மா இசக்கியம்மாதான் பிடிவாதமாப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஸ்கேன் எடுத்துப் பார்த்தா, கீழ் முதுகுல ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அழுத்துது.

அப்புறம் கேக்கணுமா, ஊரே டாக்டர் ஆயிட்டு. முதுகுல கத்தி வச்சவன் எவனும் எந்திரிச்சு நடந்ததில்லைன்னு மச்சினன் சொன்னார். ஆபரேஷனைப் பண்ணி முடிச்சிருங்க, நீங்க முனகுறதைக் கேக்க முடியலைன்னு இசக்கியம்மா அழுதாங்க. குப்புறப் படுக்க வச்சு முதுகுல ஏறி மிதிச்சே சரி பண்ற ஒருத்தர் இருக்கார்னு டீக்கடையில ஒரு ஆள் விலாசம் கொடுத்தார். அந்த ஆளைத்தான் முதல்ல மிதிக்கணும்.

நிதானமாப் பேசினது டாக்டரம்மா மட்டுந்தான். மாத்திரை, தினமும் பயிற்சி, நடை, பொறுமை, இதுலயே முக்கால்வாசிப் பேருக்குச் சில மாசத்துல அடங்கிரும்னு சொன்னாங்க. வலி தாங்கலைன்னா முதுகுல ஊசி போடலாம், ஆனா அது வலியைத்தான் குறைக்கும், ஜவ்வை உள்ள தள்ளாது. ஆபரேஷனுக்கு இப்போ அவசரமில்லை. குனிஞ்சு பாரம் தூக்கக் கூடாது. ஒண்ணை மட்டும் ரெண்டு தடவை சொன்னாங்களாம்: ஒண்ணுக்குப் போறது நம்ம கட்டுப்பாட்டுல இல்லாமப் போனாலோ, பாதம் தூக்க வராம செருப்பு தானாக் கழண்டு விழுந்தாலோ, அந்த நிமிஷமே கிளம்பி வரணும்.

தேருக்குச் சில வாரம் இருக்கும்போது மாசானம் தேர்க்கொட்டகைக்கு வந்தார். ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சு நடந்து வந்தார்.

"ஆசான், நான் என்ன செய்ய?"

டாக்டரம்மா சொன்னதை ஒண்ணு விடாம ஒப்பிச்சார். ஆசான் பொறுமையாக் கேட்டார்.

"அவங்கதான் தெளிவாச் சொல்லியிருக்காங்களே அண்ணாச்சி. எங்கிட்ட என்ன கேக்கிய?"

மாசானம் தேர்ச்சக்கரத்து மேல கையை வச்சார். அப்புறம் உள்ளதைச் சொன்னார். தேருக்கு முந்தின நாள் ஊசியைப் போட்டுக்கிட்டா வலி தெரியாது. அந்த ஒரு நாள் குனிஞ்சு சமாளிச்சிரலாம். மத்ததைப் பிறகு பார்த்துக்கிடலாம். ஆசான் ஒரு வார்த்தை சரின்னு சொன்னாப் போதும்.

"என் சக்கரத்துல வேற கை பட்டா நான் செத்ததுக்குச் சமம் ஆசான்."

எங்க எல்லாருக்கும் திக்குன்னது. சக்கரத்துக்கிட்ட குனிஞ்ச நேரம் இடுப்பு பிடிச்சுக்கிட்டா, போறது அவர் கை மட்டுமில்லை. தேர் திரும்பாம நேரா கூட்டத்துக்குள்ள போயிரும்.

கைவண்டியில கட்டை ஏத்தணும், எது எதுன்னு நீங்க நின்னு சொல்லுங்க, இவனுக ஏத்துவானுகன்னார் ஆசான். மாசானமும் சொன்னார், நாங்க ஏத்தினோம். சின்னக் கட்டை, நடுவாந்திரக் கட்டை, கடைசியாப் பெரிய கட்டை. பெரிய கட்டையை ரெண்டு ஆள் சேர்ந்துதான் தூக்கணும். நாங்க அதுல கை வைக்கவும் ஆசான் தடுத்தார்.

"இது எதுக்கு? பெரியாசான் காலத்துல ஒரே ஒரு தடவை போட்டது. வருஷா வருஷம் நாலு வீதியும் தள்ளிக்கிட்டு அலையுதோம்."

மாசானத்துக்குச் சுருக்குன்னு கோபம் வந்துட்டு.

"என்ன ஆசான் இப்படிப் பேசுதிய? அது இல்லாமத் தேரைக் கிளப்பலாமா?"

"போடவே மாட்டோமே."

"போடாட்டி என்ன? கூட வரணும்."

"சரி, வரட்டும். மேல வீதி இறக்கத்துல தேர் வேகம் பிடிச்சா, முதல்லயே இதைப் போட்டுட்டா என்ன?"

"அச்சு முறியும். முதல்ல சின்னது. அப்புறமும் சின்னது. தேர் அதுல ஏறி ஏறி இறங்கி வேகம் தணியும். தணியலைன்னா நடுவாந்திரம். எதுக்கும் அடங்கலை, முன்னால சனம் நிக்குதுன்னா, அப்போ அச்சைப் பத்தி யோசிக்கக் கூடாது. பெரியாசான் யோசிச்சாரா? அச்சு விரிசல் விட்டுது, பிறகு சரி பண்ணிக்கிட்டோம், இன்னும் அதே தேர்தானே..."

சொல்லிக்கிட்டே வந்தவர் சட்டுன்னு நிறுத்தினார்.

"நீங்க என் முதுகைப் பத்திப் பேசுதிய."

"நான் கட்டையைப் பத்திக் கேட்டேன். முதுகை நீங்கதான் இழுக்கிய."

நாங்க சிரிச்சுட்டோம். மாசானம் சிரிக்கலை.

"அப்போ என் சக்கரம்?"

"தேரன்னைக்குச் சொல்லுதேன்."

தேரன்னைக்கு மாசானம் ஊசி போட்டுக்காம வந்தார். வெள்ளை வேட்டி, நெத்தி நிறைய நாமம். யார் தன் சக்கரத்துல உட்காரப் போறாங்கன்னு ஒவ்வொருத்தர் முகமாப் பார்த்தார். ஆசான் நேரா வந்து பிரம்பை அவர் கையில கொடுத்தார். தன் தோள் துண்டை எடுத்து இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு, வலது முன் சக்கரத்துக்கிட்டக் குத்தவச்சார்.

மாசானம் பிரம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

"நான் சொல்லி நீங்க போடுறதா? ஊர் என்ன சொல்லும்?"

"குனியக் கூடாதுன்னா நிமிந்துதான் நிக்கணும் அண்ணாச்சி. நம்ம கூட்டத்துல நிமிந்து நிக்கிற இடம் ஒண்ணுதான் இருக்கு."

வேட்டு வெடிச்சது. தேர் அசைஞ்சது. மாசானம் அண்ணாந்து பார்த்தார், பார்த்தபடியே நின்னார். அத்தனை வருஷம் தேர்கூடவே நாலு வீதியும் வந்த மனுஷன், சக்கரத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை. தேர்ச்சீலை ஆடுறது, கலசம் அசையுறது, உள்ள பெருமாள் உட்கார்ந்திருக்கிறது எல்லாத்தையும் அன்னைக்குத்தான் பார்த்தார். கண்ணுல தண்ணி வந்துட்டு. நான் கீழ இருந்து கத்தினேன், அண்ணாச்சி, சாமி அப்புறம் கும்பிடலாம், முதல்ல கட்டையைச் சொல்லுங்கன்னு.

சொன்னார். முதல் ரெண்டு வீதியும் பிசிறில்லாமச் சொன்னார். மேல வீதி இறக்கத்துல இளவட்டங்கள் வடத்தை வேகமா இழுக்க, தேர் வேகம் எடுத்துட்டு. கோவிந்தா சத்தம், மேளம், வேட்டு, ஒண்ணும் கேக்கலை. மூலையில சனம் நெருக்கிக்கிட்டு நிக்குது. ஆசான் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால குனிஞ்சிருக்கார், அவர் கண்ணு முழுக்க மாசானம் முகத்துல. ஒரு சத்தம் தப்பாக் கொடுத்தா ஆசான் கை இருக்காது.

"சின்னது!"

ஆசான் உதடு அசைஞ்சது, கட்டை உள்ள போச்சு. சக்கரம் ஏறி இறங்கிச்சு. திரும்பவும் சின்னது. திரும்பவும் உதடு அசைஞ்சது. அப்புறம் நடுவாந்திரம். தேர் உறுமிக்கிட்டே மூக்கை வலப்பக்கம் திருப்பி, மூலையில ஒரு கடைக் கூரையைக்கூட உரசாம, நேரா நின்னுது. பெரிய கட்டை கைவண்டியிலயே கிடந்தது. சனம் வடம் பிடிச்சவனுகளைப் பார்த்துக் கை தட்டுச்சு. தட்டட்டும். எனக்கு அன்னைக்கு நெஞ்சு விரிஞ்சு சட்டைப் பொத்தான் தெறிக்காத குறைதான்.

தேர் நிலைக்கு வந்த பிறகு, ஆசான் போட்ட கட்டையை மாசானம் வாங்கிப் பார்த்தார். ஒரு ஓரத்தைச் சக்கரம் கடிச்சிருந்தது.

"கோணலா விழுந்திருக்கே ஆசான்."

"உங்க சக்கரம்லா. மத்தவனுக்கு லேசுல படியுமா?"

மாசானம் முகத்தை அப்போ பார்த்திருக்கணும். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார், நான் சத்தம் கொடுத்தப்போ நீங்க வாயசைச்சிய, என்ன சொன்னியன்னு எனக்குக் கேக்கலையேன்னு. ஆசான் சிரிச்சுக்கிட்டே கை கழுவப் போயிட்டார். எங்களுக்கும் கேக்கலை. சரி அண்ணாச்சின்னுதான் சொல்லியிருப்பார்னு நான் ஒரு டீ பந்தயம் கட்டினேன்.

அதுக்கப்புறம் மாசானம் டாக்டரம்மா சொன்ன பயிற்சியை விரதம் மாதிரிப் பிடிச்சுக்கிட்டார். விடிஞ்சா பாயை விரிச்சிருவார். சாயங்காலம் நாலு வீதியும் நடப்பார். சாஞ்ச நடை நிமிந்தது, ராத்திரி தூங்க முடிஞ்சது. மச்சினன் பேச்சு எடுபடாமப் போச்சு.

ஒரு நாள் காலையில நானும் ஆசானும் தேரடி டீக்கடையில உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்பக்கத்துல இருந்து மாசானம் ரோட்டைத் தாண்டி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நடக்கையில வலது கால் தரையில பட் பட்டுன்னு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் அதைப் பெருசா எடுத்துக்கிடலை.

"வலி போயிட்டு ஆசான்! ராத்திரியில இருந்து ஒரு பொட்டு வலி இல்லை. வர்ற வருஷம் என் சக்கரத்தை எனக்கே தந்திரணும்."

ஆசான் அவரைப் பார்க்கலை, ரோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தார். டீயைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுப் போனார். நடு ரோட்டுல ஒத்தைச் செருப்பு கிடந்தது. அதைக் கையில எடுத்து, மண்ணைத் தட்டி, கொண்டு வந்து மாசானம் கால்கிட்ட வச்சுட்டு அங்கேயே குத்தவச்சார்.

மாசானம் பதறிட்டார். என் செருப்பை நீங்க தொடலாமான்னு வாயெடுத்தவர், அப்பத்தான் தன் காலைப் பார்த்தார். வலது கால் வெறுங்காலா இருந்தது. எப்போ கழண்டதுன்னு அவருக்கே தெரியலை.

"பாதத்தை மேல தூக்குங்க அண்ணாச்சி."

இடது பாதம் தூக்க வந்தது. வலது பாதம் தூக்க வரலை. திரும்ப முயற்சி பண்ணினார். விரல் லேசா அசைஞ்சது, அவ்வளவுதான். வலி போனா நல்லதுன்னு நினைச்சுக்கிட்டிருந்த நான் முட்டாள், மரத்துப் போனது நரம்பு. அவர் முகத்துல ரத்தமே இல்லை. மேல வீதி இறக்கத்துலகூட அவர் கண்ணுல நான் அப்படி ஒரு பயத்தைப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, ஆபரேஷனுக்கு ஒத்துக்கிடுங்கன்னு ஆசான் ஒரு யோசனையும் சொல்லலை. சக்கரத்துக்கிட்ட உட்கார்ந்த மாதிரியே கீழ உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

மாசானம் ரொம்ப நேரம் எடுத்துக்கிடலை. துண்டால முகத்தைத் துடைச்சார். முதுகை நிமித்தி, தேருக்கு முன்னால நின்ன மாதிரி நின்னார். குரலும் அதே குரல்தான்.

"பெரிய கட்டை."

அன்னைக்கு மேளமும் இல்லை, வேட்டும் இல்லை. கீழ இருந்து வந்த பதில் டீக்கடையில இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"சரி ஆசான்."