எவர்சில்வர் டப்பாவும் அதன் மூடியும்

ஒரு ஊரில், வேலை பார்க்கும் பெண்களுக்கென்று ஒரு விடுதி இருந்தது. அதன் மாடி அறை ஒன்றில், ஜன்னல் மேடையில், இரண்டு சாப்பாட்டு டப்பாக்கள் குடியிருந்தன.

ஒன்று எவர்சில்வர். அது ஸ்டெல்லாவுடையது. தூத்துக்குடியிலிருந்து வந்து, ஒரு சுற்றுலா கம்பெனியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவள். மற்றது நீல பிளாஸ்டிக். அது இசக்கியுடையது. தென்காசிப் பக்கத்துப் பெண், ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். ஸ்டெல்லாவைவிடச் சின்னவள்.

விடுதியில் மெஸ் கிடையாது. பொதுச் சமையலறை ஒன்று இருந்தது. அடுப்பு பொது, அரிசி அவரவருடையது. ஒவ்வொருத்திக்கும் சுவரில் ஒரு சின்ன அலமாரி, அதற்கு ஒரு பூட்டு. முறை வைத்துச் சமைத்து, அவரவர் டப்பாவைக் கட்டிக்கொண்டு, அவரவர் நேரத்துக்குக் கிளம்புவார்கள். அடுத்தவள் டப்பாவை எட்டிப் பார்ப்பது அங்கே மரியாதை இல்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. வேலை போனவளுக்கு அங்கே கட்டில் கிடையாது. தினமும் காலையில் வார்டன் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் யார் டப்பாவோடு வேலைக்குப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் ஊருக்கே கெட்ட காலம். கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. முதலில் இறங்கியது ஸ்டெல்லாவின் கம்பெனி.

மறுநாளும் அவள் குளித்து, இஸ்திரி போட்ட சுடிதாரை உடுத்தி, டப்பாவை எடுத்தாள். இருந்த அரிசி ராத்திரிக்கு வேண்டும். காலி டப்பா என்றால் கையில் தூக்கும்போதே தெரிந்துவிடும். அதனால் அதில் தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்தி மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவளுக்கு மறைக்கச் சோறும் இல்லை.

பகல் முழுக்க ஏதாவது ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பாள். மத்தியானம் அந்தத் தண்ணீரையே குடிப்பாள். சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவள் மாதிரி வருவாள்.

கழுவிக் கவிழ்த்து வைத்தபின் நீல டப்பா கேட்டது. "என்னக்கா, இன்னிக்கு சாம்பாரா, ரசமா?"

"தண்ணி," என்றது எவர்சில்வர் டப்பா.

"வாய மூடு!" என்று மூடி அதட்டியது. "வீட்டு விஷயத்த வெளியில சொல்லலாமா? நாலு பேர் கேட்டா என்ன நினைப்பாங்க?"

"அந்த நாலு பேரு யாரு?"

"தெரியாது. நான் பார்த்ததில்ல. ஆனா இருக்காங்க."

தம்பியின் காலேஜ் ஃபீஸுக்கு ஸ்டெல்லா போனில் ஒரு ஆப்பில் கடன் வாங்கி ஊருக்கு அனுப்பினாள். அதை அடைக்க இன்னொரு ஆப். பிறகு போன் ஓயவே இல்லை. "நான் என்ன பண்ணட்டும்?" என்று போன் டப்பாவிடம் புலம்பியது. "அவனுக கூப்பிடுறானுக, நான் அலறுறேன். அந்தப் பிள்ள என்னப் பார்த்தாலே நடுங்குது."

தூக்கம் தினமும் அந்த அறை வாசல்வரை வரும். கட்டிலில் ஏற்கெனவே கவலை காலை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்பார்கள். அந்தப் பத்தில் முதலாவது மானம். ஸ்டெல்லாவிடம் மற்ற ஒன்பதும் பறந்துவிட்டன, மானம் மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. அவளைப் பிடித்து உலுக்கி, "வாயைத் திறந்து சொல்லேன்டி" என்று கத்தலாம் போலிருக்கிறது எனக்கு.

ஒரு சாயங்காலம் அவள் அதற்குத் துணிந்தாள். இசக்கி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

இசக்கி கையில் லட்டு டப்பாவோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னட்டி, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் ஸ்டெல்லா.

"வெயிலுக்கா. இந்தா, வாயத் தொற. சம்பளம் கூட்டிட்டாவ!"

ஸ்டெல்லா திறந்த வாயில் லட்டு போனது. சொல்ல வந்தது தொண்டைக்குள் இறங்கியது.

"நல்லாருட்டி," என்றாள். "எனக்கும் இப்ப நல்லாத்தான் போவுது."

இசக்கியை ஜவுளிக்கடையில் அன்று மத்தியானம்தான் நிறுத்தியிருந்தார்கள். அழுத முகத்தை வார்டன் அம்மா கண்டுபிடித்துவிடுவாளே என்று, கடைசிச் சம்பளத்தில் லட்டு வாங்கி விடுதி முழுக்கக் கொடுத்தாள். நல்ல சேதிக்கு இனிப்பு கொடுப்பது வழக்கம். இனிப்பு கொடுக்கிறவளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மறுநாளிலிருந்து நீல டப்பாவுக்குள்ளும் தண்ணீர்தான்.

"நீயுமா?" என்றது எவர்சில்வர் டப்பா.

"ஆமாக்கா, தண்ணிதான்," என்றது நீல டப்பா.

எவர்சில்வர் டப்பா தன் மூடியிடம் கெஞ்சியது. "ஒரே ஒரு தடவ கழண்டு விழேன். தண்ணி கொட்டட்டும். இசக்கி பார்க்கட்டும். பார்த்தா இது தனக்கு மட்டும் வந்ததில்லன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடும்."

"ஒழுகுற மூடின்னு எனக்குப் பேர் வரணுமா?" என்றது மூடி. "என் வேலை மூடுறது. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறது என் வேலை இல்ல."

லட்டுக்குப் பிறகு ஸ்டெல்லா பேசுவதையே குறைத்துக்கொண்டாள். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், நாம் மட்டும்தான் தோற்றுவிட்டோம் என்று நம்பினாள். தன்னால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்றும் நம்பினாள். பொய்தான். ஆனால் அதைப் பொய் என்று சொல்ல அவள் பக்கத்தில் ஆள் இல்லை.

ஒரு நாள் அவள் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றி மூடிய டப்பாவை, ஜன்னல் மேடையிலேயே வைத்துவிட்டு, வார்டன் அம்மா நாற்காலி போடும் முன்பே போய்விட்டாள்.

"இன்னிக்கு எனக்கு லீவு போல," என்றது எவர்சில்வர் டப்பா.

"போனையும் வெச்சிட்டுப் போயிருக்காக்கா," என்றது நீல டப்பா. அதன் குரலே சரியில்லை.

இசக்கி தலை துவட்டிக்கொண்டே வந்தவள், டப்பாவைப் பார்த்தாள். "ஐயோ, எக்கா மறந்துட்டாளே. மத்தியானம் பட்டினில்லா கெடப்பா." கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று கையில் எடுத்தாள். நல்ல கனம். அவள் வயிறு முந்தின நாளிலிருந்து காலி. ஒரு வாய் மட்டும் எடுத்துக்கொள்ளலாம், எக்கா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று மூடியைத் திறக்கப் பார்த்தாள்.

மூடி விடவில்லை. இசக்கி கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினாள். அது தெறித்துக் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

உள்ளே தண்ணீர்.

வேறு யாராக இருந்தாலும் புரிந்திருக்காது. இசக்கிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தலையணைக்கு அடியில் ஸ்டெல்லாவின் போன் நடுங்கிக்கொண்டிருப்பதையும் அப்போதுதான் பார்த்தாள். இரண்டு டப்பாக்களையும் தூக்கிக்கொண்டு, ஈரத்தலையோடு கீழே ஓடினாள்.

பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வார்டன் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "என்னடி கூத்து இது?"

இசக்கி ஸ்டெல்லாவின் டப்பாவை வாசலில் கவிழ்த்தாள். பிறகு தன் டப்பாவையும் திறந்து கவிழ்த்தாள். "எனக்கு வேலை இல்ல. அவளுக்கும் இல்ல. அவ எங்க போனான்னு தெரியல. தேடணும், யாராவது வாங்க!"

மருந்துக்கடைப் பெண் ஒருத்தி, தன் பையிலிருந்து டப்பாவை எடுத்து மெல்லத் திறந்தாள். தண்ணீர். அவள் பக்கத்தில் நின்றவளும் திறந்தாள். தண்ணீர். அதற்குப் பிறகு வாசலெல்லாம் மூடி கழலும் சத்தம். கடைசியில் வார்டன் அம்மா நாற்காலிக்குக் கீழிருந்து தன் அடுக்கு கேரியரை எடுத்தாள். மேல் அடுக்கில் ஒன்றுமில்லை. அடி அடுக்கில் தண்ணீர். "எனக்குச் சம்பளம் வந்து ரொம்ப நாளாச்சுடி," என்று உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன பேரா இருந்தோம்?" என்றது எவர்சில்வர் டப்பா.

எல்லோரும் ஊருக்குள் ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள். லீவு கேட்க வேண்டிய அவசியம் அன்று ஒருத்திக்கும் இல்லை. ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பாகத் தேடினார்கள். சாயங்காலம் ஒரு கான்ஸ்டபிள் விடுதிக்கு வந்து, ஸ்டெல்லாவின் அடையாள அட்டையைக் காட்டினார். அவர் குரலைத் தாழ்த்தியதிலேயே தெரிந்துவிட்டது.

தூத்துக்குடியில் அடக்கம் முடிந்து திரும்பிய அன்று, பெண்கள் சமையலறைக்குப் போய்ப் பூட்டுகளைத் திறந்தார்கள். ஒருத்தியிடம் ஒரு பிடி அரிசி, ஒருத்தியிடம் கொஞ்சம் பருப்பு, ஒருத்தியிடம் ஊரிலிருந்து வந்த வடகம். எவளிடமும் ஒரு வேளைக்கு முழுதாக இல்லை. வார்டன் அம்மா பெரிய பானையை இறக்கிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார்கள். ஸ்டெல்லாவின் அலமாரியை மட்டும் யாரும் தொடவில்லை.

எல்லோரும் வயிறார உண்டு எழுந்தபோது, பானையில் ஒருத்திக்கான சாப்பாடு மிஞ்சியிருந்தது.