கூரைக்கு ஓர் ஓட்டெடுப்பு

பள்ளிக்கூட வாசலில் கிராம சபை. சத்துணவு சமைக்கும் சுடலைவடிவு எழுந்தாள்.

“பிள்ளைங்க தலையில காரை விழுதுய்யா. ஊராட்சிப் பணத்துல புதுக் கூரை போடணும்.”

அதே பணத்தில் தன் தெருவுக்கு அலங்கார வளைவு கட்ட நினைத்திருந்த தலைவர் சண்முகவேலாயுதம் சிரித்தார். “கட்டடம் கல்லு மாதிரி இருக்கு. ஒருத்தர் பாக்கியில்லாம ஊரே ஓட்டுப் போட்டா, போட்டுத் தாரேன்.”

“சரிய்யா. கூரை நல்லாருக்குங்கிறவங்க வகுப்புக்குள்ள போய் உக்காருங்க. புதுசு வேணுங்கிறவங்க வெளியில நில்லுங்க.”

உச்சி வெயில் கொளுத்தியது. உள்ளே கம்பி தெரியும் கூரையைப் பார்த்துவிட்டு ஒருவரும் அசையவில்லை.

“அய்யா, நீங்க போகலையா?” என்று தலைவரைக் கேட்டாள் சுடலைவடிவு.

தலைவர் நெற்றியைத் துடைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்.

சுடலைவடிவு நிமிர்ந்து, தீர்மானம் எழுதும் ஊராட்சிச் செயலரைப் பார்த்தாள். “எழுதிக்கோங்க சார். தலைவரையும் சேர்த்து, ஊரே ஓட்டுப் போட்டாச்சு.”