மதுரையில் மட்டும் இருந்த ஒன்று

மதுரையைக் கயல்மாறன் என்றொரு பாண்டியர் ஆண்டு வந்தார். அவர் சபையில் விடங்கன் என்றொருவன் இருந்தான். ராஜா கோபமாக இருந்தால் அவரைச் சிரிக்க வைப்பான். மந்திரிகள் சிரித்துக்கொண்டிருந்தால் அவர்களைக் கோபப்பட வைப்பான். இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிடுவான்.

ஒரு கோடையில் நெல்லிமலைச் சீமையின் தலைவர் கொற்றவேள் மதுரைக்கு வந்தார். கூடவே அவர் மகள் செவ்வந்தி. போன வருஷம் மலைத் திருவிழாவுக்குப் போயிருந்த இளவரசன் அவளைப் பார்த்தான், அவளும் அவனைப் பார்த்தாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. ராஜாவுக்கும் சம்மதம். பெண்ணைப் பெற்றவர் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

கொற்றவேளோ மீசையை முறுக்கினார்.

"எங்கள் நெல்லிமலையில் எல்லாம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு என் மகள் இங்கே எதற்கு வரவேண்டும்? நாளைக்கு உங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் இல்லாதது ஒன்றே ஒன்று இங்கே இருந்தாலும் போதும், பெண்ணைத் தருகிறேன். இல்லாவிட்டால் மறுநாள் காலை உணவு முடிந்ததும் கிளம்பிவிடுவோம்."

ராஜா விடங்கனைத் தனியே கூப்பிட்டார். "ஊரைச் சுற்றிக் காட்டுவது உன் பொறுப்பு. என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாயா? இந்தச் சம்பந்தம் தவறிப்போனால் நீ என் கண்ணிலேயே படாதே!"

"உத்தரவு" என்றான் விடங்கன். இவ்வளவு பெரிய ஊரில் ஒன்றுகூடவா கிடைக்காது என்று அவனுக்குத் தைரியம்.

காலையில் கோவிலுக்குப் போனார்கள். கொற்றவேள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். தலைப்பாகை நழுவிக் கீழே விழுந்தது.

"எப்படி அரசே?" என்றான் விடங்கன்.

"பரவாயில்லை. எங்கள் ஊர்க் கோபுரத்தைப் பார்த்தால் தலைப்பாகை மட்டுமா விழும், ஆளே விழுவான்."

செவ்வந்தி மெதுவாக, "நம் ஊரில் ஏதப்பா கோபுரம்?" என்றாள்.

"மலை உச்சியில் ஒரு பாறை நிற்கிறதே, அது என்ன?"

யானைக் கொட்டாரத்துக்குப் போனார்கள். எங்கள் ஊர் யானை இதற்குப் பாட்டன் என்றார். முத்துக் கடைக்குப் போனார்கள். எங்கள் ஊர்ப் பனித்துளியே இதைவிடப் பெரியது என்றார். பூக்கடைத் தெருவில் மல்லிகை குவிந்து கிடந்தது. செவ்வந்தி ஒரு பந்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அப்பா மூச்சை நன்றாக இழுத்து முகர்ந்துவிட்டு, "எங்கள் ஊரில் முள்செடிகூட இப்படித்தான் மணக்கும்" என்றார்.

விடங்கனுக்குக் கால் வலித்தது, தொண்டையும் காய்ந்தது. கடைசியில் வைகைக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கோடை அல்லவா? கண்ணுக்கு எட்டிய மட்டும் வெறும் மணல்.

"இதுதான் எங்கள் ஆறு. மன்னிக்க வேண்டும் அரசே, இப்போது தண்ணீர் இல்லை."

"எங்கள் ஊர் ஆற்றில் இதைவிட இல்லை!" என்றார் கொற்றவேள்.

செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விடங்கன் சிரிக்கவில்லை. அவரையே உற்றுப் பார்த்தான். இவ்வளவு நேரமும் இந்த மனிதர் ஊரை எங்கே பார்த்தார்? தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். அது புரிந்ததும் விடங்கனுக்குக் கால்வலி பறந்துவிட்டது. திரும்பும் வழியில் அரண்மனை ஜோசியர் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று, ஏதோ பேசிவிட்டு வந்தான்.

சாயங்காலம் சபை கூடியது. இளவரசன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தேன், எல்லாம் பார்த்தேன்" என்றார் கொற்றவேள். "நெல்லிமலையில் இல்லாதது மதுரையில் ஒன்றும் இல்லை."

ராஜாவின் முகம் சுருங்கியது. விடங்கன் எழுந்து கொற்றவேளைப் பார்த்துக் கைகூப்பினான்.

"அரசே, ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இந்த ஊரில் இப்போது ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். அவர் நடந்தால் தெருவே ஒதுங்கும். அவர் மீசையைப் பார்த்தால் புலி பின்வாங்கும்."

"பூ! அவனைவிடப் பெரியவர்கள் எங்கள் ஊரில்..."

"பொறுங்கள், பெயரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அவர் பெயர் கொற்றவேள்!"

திறந்த வாய் அப்படியே நின்றது.

"சொல்லுங்கள் அரசே. அவரைவிடப் பெரியவர் யாராவது இந்த நேரத்தில் நெல்லிமலையில் இருக்கிறாரா?"

கொற்றவேளின் முகம் சிவந்தது. இருக்கிறார் என்றால் அவர் தலைக்கு மேலே இன்னொரு தலை. அதை அவரால் பொறுக்க முடியுமா?

"இல்லை! என்னைவிடப் பெரியவன் அங்கே எவனும் இல்லை!"

"பெரியவர் வேண்டாம். உங்களுக்குச் சமமாக ஒருவர்?"

"அதுவும் இல்லை!" என்று தொடையைத் தட்டினார்.

"ஆக, நெல்லிமலையில் இல்லாதது ஒன்று மதுரையில் இருக்கிறது. இதோ, எங்கள் ராஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது!"

செவ்வந்தியின் சிரிப்புத்தான் முதலில் கேட்டது. கொற்றவேள் மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் இருந்த ஆசையையும் அப்போதுதான் பார்த்தார். அவருக்கும் மீசைக்கடியில் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் லேசில் விடுகிற ஆளா அவர்?

"நன்றாக மடக்கினாய். ஆனால் நாளைக்கு நான் ஊருக்குத் திரும்பிவிட்டால், அந்த ஒன்று உங்கள் மதுரையில் இருக்காதே! அப்போது என்ன செய்வாய்?"

விடங்கன் பணிவாகக் குனிந்தான்.

"அதற்குத்தான் அரசே, நாளைக்குச் சூரியன் உதிக்கும் நேரத்துக்கே முகூர்த்தம் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்!"

கயல்மாறன் சிரித்த சிரிப்பில் சிம்மாசனமே ஆடியது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டார். மறுநாள் மேளச் சத்தத்தில்தான் மதுரை கண்விழித்தது.