பிள்ளைச் சாவடிப் பால்

ஒரு காலத்தில் கருங்குள நாட்டைச் செம்பியராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்தால் மாலை போடுவான், நினைத்தால் தலையை வாங்குவான். ஏரி வெட்டும் வேலை நடந்தபோது, மண் சுமக்கும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஊரெங்கும் பிள்ளைச் சாவடிகள் திறக்கச் சொன்னான். சாவடியைச் சோதித்து அரச முத்திரை கொடுப்பதும், புகார் வந்தால் விசாரிப்பதும் வில்வராயர் என்கிற அதிகாரியின் வேலை. 'முத்திரை பெற்ற சாவடிமேல் பொய்ப் புகார் சொன்னால் நாக்கை அறுப்பேன்' என்று ராஜா ஒருநாள் கோபத்தில் முரசும் அறைவித்துவிட்டான்.

வேலாயி ஏரிக்கரையில் மண் சுமப்பவள். அவள் மகள் மயிலிக்கு இரண்டு வயசு. நாலு நாளாகச் சாயங்காலம் தூக்கப் போனால் குழந்தை கண் திறப்பதில்லை. கழுத்து துவண்டு தோளில் விழுந்தது. வாயை முகர்ந்தாள். அபின் வாடை! சாவடிக்குள் எட்டிப் பார்த்தாள். நாற்பது குழந்தைகள் படுத்திருந்தன, ஒன்றுகூடச் சிணுங்கவில்லை.

கூட வேலை செய்யும் அழகாயியிடம் சொன்னாள். அழகாயி அவள் வாயைப் பொத்தினாள். "எனக்கும் தெரியும்டி. ஆனா அது வில்வராயரோட கொழுந்தியா நடத்துற சாவடி. நாக்கு வேணும்னா பேசாம இரு."

மறுநாள் வேலாயி மயிலியைச் சாவடியில் விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போனாள். சபை நடுவே நின்று, தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டாள்.

"பொய்யென்றால் என்ன ஆகும், தெரியுமா?" என்றான் ராஜா.

"தெரியும் சாமி."

வில்வராயர் சிரித்தார். அமைச்சர் பதவிமேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். "மகாராஜா, குழந்தைகள் அமைதியாக இருப்பதும் குற்றமா? நாங்கள் கொடுக்கிற ஏலக்காய்ப் பால் அப்படி! இவளைத் தூண்டிவிட்டதே நம் அமைச்சராகத்தான் இருக்கும்."

அமைச்சர் தாமோதரர் காவலன் ஒருவன் காதில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு எழுந்தார். "வில்வராயர் சொல்வது சரி. அவ்வளவு நல்ல பாலை நாம் இன்னும் குடிக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்."

வேலாயி அமைச்சரை ஏறிட்டுப் பார்த்தாள். 'இவரும் அவங்க பக்கமா?' குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"மகாராஜா தூக்கம் வராமல் தவிக்கிறீர்களே! பிள்ளைகளுக்கு ஊற்றுகிற அதே பானையை எடுத்துவர ஆள் போயிருக்கிறான். ஒரு கிண்ணம் குடித்துப் பாருங்கள்" என்றார் அமைச்சர்.

வில்வராயர் முகம் வெளுத்தது. "அது... ஆறிப்போயிருக்கும், மகாராஜா."

"ஆறினால் என்ன? எனக்கு இப்போதே வேண்டும்!" என்றான் ராஜா.

பானை வந்தது. கிண்ணம் நிறைந்தது. ராஜா அதை உதட்டருகே கொண்டுபோனான். 'குடிச்சிட்டு இவருக்கு ஒண்ணும் ஆகலேன்னா?' வேலாயி கிண்ணத்தையே பார்த்தாள்.

"தயங்காமல் குடியுங்கள். ஏதாவது ஆனால் வில்வராயர் தலை பொறுப்பு" என்றார் அமைச்சர்.

வில்வராயர் பாய்ந்து ராஜாவின் காலைக் கட்டிக்கொண்டார். "வேண்டாம் மகாராஜா! அபின் கலந்திருக்கிறது!"

ராஜா கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"நான் குடிக்கக் கூடாததை இந்தப் பிஞ்சு குடிக்கலாமா?" என்று கத்தினான். பிறகு வேலாயியைப் பார்த்தான். "நாற்பது தாய்மார் இருக்கிறீர்களே! ஏன் முன்பே வந்து சொல்லவில்லை?"

"நாக்கை அறுப்பேன்னீங்களே சாமி. அது இல்லாம எதை வச்சுச் சொல்றது?"

ராஜா தலை குனிந்தான்.

வில்வராயரும் கொழுந்தியாளும் சிறைக்குப் போனார்கள். வைத்தியர்கள் சாவடிக்கு ஓடினார்கள். நாக்கறுக்கும் கட்டளை அன்றே ரத்தானது. இனிப் புகாரைக் கேட்பவர் அமைச்சர், சொன்னவர் பெயர் வெளியே வராது என்று முரசு அறைந்தார்கள். எந்தச் சாவடிக்குள்ளும் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து பார்க்கும் அதிகாரத்தை ராஜா வேலாயிக்கே கொடுத்தான்.

மறுநாள் விடிந்ததும் காவலன் அரண்மனைக் கதவைத் திறந்தான். வெளியே பதினோரு பெண்கள் குழந்தைகளோடு நின்றார்கள்.

"என்ன வேணும்?" என்றான்.

முன்னால் நின்றவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னாள்: "வடக்குத் தெருச் சாவடியப் பத்திச் சொல்லணும்."