நிறைந்த பானை

உச்சி வெயில் ஏறிவிட்டால் உப்பளத்தில் தரையும் வானமும் ஒன்றாகிவிடும். உப்பு சுமக்கும் பெண்கள் காற்றில் நடப்பதுபோல் தெரிவார்கள். அந்த வெளுப்புக்குள்ளிருந்துதான் இசக்கியை வைத்தியர் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அந்தக் கோடையில் அவள் மயங்கி விழுவது முதல் தடவை அல்ல.

வைத்தியர் மங்களவல்லி தன் சீடரைப் பார்த்தார். சீடர் பொன்னையா குருவைவிட வயதில் மூத்தவர், தலை நரைத்த பிறகு வைத்தியம் கற்க வந்தவர். நல்ல மனிதர், அவசரக்காரர்.

"என்ன தெரியுது அண்ணாச்சி?"

"கண்ணு உள்ள போயிருக்கு. நாக்கு காஞ்சு கெடக்கு. தோலைக் கிள்ளினா கிள்ளினபடியே நிக்குது. ஒடம்புல தண்ணி இல்லம்மா."

இசக்கி கண் திறந்ததும் பொன்னையா சொம்பை அப்படியே அவள் வாயில் வைத்தார். மடமடவென்று குடித்தாள். குடித்த அத்தனையும் வாந்தியாக வந்துவிட்டது.

மங்களவல்லி சொம்பை வாங்கி வைத்தார். வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்த நீரைக் கரண்டியில் எடுத்துப் புகட்டினார். சற்றுப் பொறுத்து இன்னொரு கரண்டி. வாசல் வேம்பின் நிழல் கிழக்கே சாயும்வரை அதே வேலை. பிறகு இசக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ இப்படி விழுந்தா எந்திரிக்க மாட்டா," என்றார் மங்களவல்லி, தாழ்ந்த குரலில்.

 மறுநாள் விடிந்ததுமே பொன்னையா, பெண்கள் வேலை செய்யும் பாத்தி ஓரம் பெரிய பானையில் நீர் வைத்து அருகிலேயே உட்கார்ந்துகொண்டார். போகிற வருகிற பெண்களிடமெல்லாம் குடிக்கச் சொன்னார். "சரி அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு, உதட்டை நனைத்துக்கொண்டு போனார்கள். இசக்கியும் அப்படித்தான் போனாள்.

பொழுது சாய அவர் திரும்பியபோது மங்களவல்லி வாசலில் ஓலைத் தட்டி முடைந்துகொண்டிருந்தார். கூரைக்குப் போலும் என்று நினைத்தார் பொன்னையா.

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதும்மா. பானை வச்சபடியே நெறஞ்சு இருக்கு. உசுரு மேல ஆசையே இல்லையா இவங்களுக்கு? குடிக்க வைக்க ஏதாவது மருந்து இருக்கா?"

"பகல் பூரா அங்கதான இருந்தீங்க. ஒதுங்க எங்க போனீங்க?"

"ஆம்பளைக்கு என்னம்மா, அந்த வரப்போரமா..."

பொன்னையா பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. ஒரு செடி இல்லை, ஒரு சுவர் இல்லை. அந்த வெளுப்பில் மிதந்தபடி பெண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். எல்லோருமே வேகமாக நடந்தார்கள். இசக்கி எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

மங்களவல்லி முடைந்து முடித்த தட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மருந்து கேட்டீங்களே அண்ணாச்சி. ஆள் தலை மறையுற உயரத்துக்குக் கட்டுங்க."